வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா? எல்லை தாண்டிய தொழிலில் மனிதர்களைப் புரிந்துகொள்வது

வாடிக்கையாளர் ஒரு நாட்டில் இருக்கிறார். சரக்கு செய்து தருபவர் இன்னொரு நாட்டில். வீடியோ காலில் பேச்சு நடக்கிறது.

“வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட முடியுமா?”

எதிர்முனையில் ஒரு கணம் அமைதி. “வெள்ளிக்கிழமையா... கொஞ்சம் சிரமம்தான். முயற்சி செய்கிறோம்.”

“நல்லது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை என்றே குறித்துக்கொள்கிறேன்.”

“சரி.”

வெள்ளிக்கிழமை வருகிறது, சரக்கு வரவில்லை. வாடிக்கையாளருக்குக் கோபம்: “முடியும் என்று சொல்லிவிட்டு ஏமாற்றிவிட்டார்கள்.” சப்ளையருக்கும் வருத்தம்: “முடியாது என்று அத்தனை தெளிவாகச் சொன்னேனே, அதற்குப் பிறகும் வற்புறுத்தினால் என்ன செய்வது?”

இருவருமே பொய் சொல்லவில்லை. வாடிக்கையாளர் பழகிய வழக்கத்தில், ‘முடியாது’ என்ற சொல் வாயிலிருந்து வந்தால்தான் மறுப்பு. சப்ளையர் வளர்ந்த இடத்தில், வாடிக்கையாளரின் முகத்துக்கு நேராக அந்தச் சொல்லைச் சொல்வது மரியாதைக் குறைவு. அங்கே ஒரு கணத் தயக்கமும் ‘கொஞ்சம் சிரமம்தான்’ என்பதும் போதும். கேட்டவர் புரிந்துகொண்டு தானாகவே வேறு நாள் சொல்லுவார். கடைசியில் வந்த அந்தச் ‘சரி’கூட ‘செய்து தருகிறேன்’ என்ற வாக்கு இல்லை. ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதுதான் அதன் பொருள்.

வேறு நாட்டுக்காரர்களோடு வேலை பார்க்கத் தொடங்கும் எவருக்கும் என்றாவது இப்படி ஒரு வெள்ளிக்கிழமை வரும். நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளிலும் வேலை விளம்பரங்களிலும் ‘பல பண்பாடுகளுக்கு நடுவே பழகும் திறன்’, ‘உலகக் குடிமை’ என்று இரண்டு விஷயங்களை அடிக்கடி பேசுவதற்கு இதுவே காரணம். முதலாவது, நம்மைப் போல் யோசிக்காதவர்களைச் சரியாகப் புரிந்துகொண்டு அவர்களோடு சேர்ந்து வேலையை முடிக்கும் திறமை. இரண்டாவது, நம் தொழிலால் எல்லைக்கு அப்பால் யாருக்கு என்ன ஆகிறது என்பதற்கும் நாம் பொறுப்பு என்று ஏற்கும் மனநிலை. வகுப்புகளில் இவற்றைத் தனித்தனிப் பாடமாக நடத்துகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே பாடம்தான். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத எதிர்பார்ப்புகள்

பண்பாடு என்றதும் உடையும் திருவிழாவும் நினைவுக்கு வரும். அலுவலகத்தில் அவற்றால் பெரிய சிக்கல் வருவதில்லை. வெளிப்படையாகத் தெரிவதால் எல்லோரும் கவனமாக இருந்துவிடுகிறார்கள். தடுக்கி விழுவதெல்லாம் வேறு இடத்தில். மீட்டிங்கில் யார் முதலில் பேச வேண்டும்? மேனேஜர் சொன்னது தவறு என்றால் எல்லோர் முன்னாலும் சொல்லலாமா? பத்து மணி என்றால் பத்து மணியா, பத்தேகாலா? ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் பேரம் முடிந்ததா, அல்லது நிலைமை மாறினால் மறுபடி உட்கார்ந்து பேசலாமா?

இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொருவரிடமும் பதில் இருக்கிறது. அதை எப்போது, யாரிடம் கற்றோம் என்று கேட்டால் தெரியாது. பார்த்துப் பார்த்துப் படிந்தவை அவை. அதனாலேயே அவை நமக்கு ஒரு வழக்கமாகத் தோன்றுவதில்லை. ‘இப்படித்தானே இருக்க வேண்டும்’ என்று தோன்றுகின்றன. வேறு மாதிரி நடந்துகொள்பவரைப் பார்த்ததும் ‘இவர் பழக்கம் வேறு’ என்று மனம் சொல்வதில்லை, ‘இவருக்கு மரியாதை தெரியவில்லை’ என்று சொல்லிவிடுகிறது.

இதை முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் எட்வர்ட் டி. ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர். 1950களில் வெளிநாடுகளுக்குப் போகும் அமெரிக்க அதிகாரிகளுக்கு அவர் பயிற்சி தந்தார். அவர்களுக்குக் கோட்பாடுகள் பிடிக்கவில்லை. போய் இறங்கியதும் எப்படிப் பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்றுதான் கேட்டார்கள். ஹாலும் நேரம், இடைவெளி, குரல், சைகை என்று அன்றாட விஷயங்களுக்கு இறங்கி வந்தார். பிறகு 1976இல் அவர் விளக்கிய ஒரு வேறுபாடு இன்றும் எல்லாப் பயிற்சிகளிலும் வருகிறது. சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி சூழலில் இருக்கிறது: யார் சொன்னார், எந்தத் தொனியில் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார். வேறு சில சமூகங்களில் செய்தி முழுவதும் சொல்லிலேயே இருக்க வேண்டும், சொல்லாததைக் கேட்பவர் ஊகிக்க வேண்டியதில்லை. ஜப்பான், கொரியா, அரபு நாடுகள் ஆகியவற்றை முதல் வகையிலும், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகள் ஆகியவற்றை இரண்டாவது வகையிலும் வைப்பது வழக்கம். நம் வெள்ளிக்கிழமைச் சண்டையில் மோதிக்கொண்டவை இந்த இரண்டு பழக்கங்களும்தான்.

அமைதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் ஓர் ஆய்வுக் குழு 10 மொழிகளில் அன்றாட உரையாடல்களைப் பதிவுசெய்து, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளுக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தது. சராசரி ஏறத்தாழ 0.2 நொடி. ஜப்பானியர்கள் யோசித்து மெதுவாகத்தான் பதில் சொல்வார்கள் என்ற பேச்சு எங்கும் உண்டு. ஆனால் அந்தப் பத்து மொழிகளில் மிக வேகமாகப் பதில் வந்தது ஜப்பானிய மொழியில்தான். மிகத் தாமதம் டேனிஷ். அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம்கூட அரை நொடிக்குள் அடங்கிவிட்டது. எனக்கு இதில் இரண்டு விஷயங்கள் முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, அரை நொடி தள்ளிப் பதில் வந்தாலே ‘ஏன் தயங்குகிறார்’ என்று நம் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். இன்னொன்று, ஒரு நாட்டைப் பற்றி நம் காதுக்கு வந்து சேரும் பொதுப் பேச்சை அளந்து பார்த்தால் தலைகீழாகவும் இருக்கலாம்.

மொழி ஒன்றாக இருந்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டாம் உலகப் போரிலிருந்து ஒரு சம்பவம். பிரிட்டிஷ் அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் கூடிப் பேசும்போது பிரிட்டிஷ் தரப்பு ஓர் ஆவணத்தை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்றது. பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு ‘உடனே விவாதத்துக்கு எடுப்போம்’ என்று பொருள். அமெரிக்காவில் ‘இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்’ என்று பொருள். நீண்ட நேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறோம் என்று உணர்ந்தார்கள். வின்ஸ்டன் சர்ச்சிலே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இதையெல்லாம்விடச் சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. கவனித்தால் ஒரு நாளில் சரிசெய்துவிடலாம். 04/05 என்று எழுதினால் அமெரிக்காவில் ஏப்ரல் 5, பிரிட்டனில் மே 4. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. ஜெர்மனியில் 1.500 என்பது ஒன்றரை இல்லை, ஆயிரத்து ஐந்நூறு. சீனா, கொரியா, ஹங்கேரி ஆகிய நாடுகளில் குடும்பப் பெயர் முன்னால் வரும். எப்படி அழைப்பது என்று அவரிடமே கேட்டுவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வார விடுமுறையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சவூதி அரேபியாவில் 2013 முதல் வெள்ளியும் சனியும் விடுமுறை. பக்கத்திலேயே இருக்கும் ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது.

பட்டியலை நம்பலாமா?

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தேடுவது ஒரு பட்டியலை. எந்த நாட்டுக்காரர் எப்படி, யாரிடம் எதைச் செய்யக் கூடாது என்று. அப்படிப்பட்ட பட்டியல்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஹீர்ட் ஹாஃப்ஸ்டீட் என்ற டச்சு ஆய்வாளரின் வேலை இருக்கும். 1967 முதல் 1973 வரை அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம் பல நாடுகளில் இருந்த தன் ஊழியர்களிடம் நடத்திய கருத்துக் கணிப்புகளை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை, அவர் அலசினார். 1980இல் வெளியான முடிவுகளில் நான்கு அளவுகோல்கள் இருந்தன. அதிகாரத்தில் ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள், தனிமனிதரா குழுவா எது முன்னால் வருகிறது, போட்டிக்கு எவ்வளவு இடம், நிச்சயமின்மை எவ்வளவு பதற்றம் தருகிறது என்பவை அவை. பின்னால் இன்னும் இரண்டு சேர்ந்தன.

இவை உதவாது என்று நான் சொல்லவில்லை. ஒரு புதிய நாட்டுக் குழுவோடு வேலை தொடங்கும்போது எங்கெங்கே கவனம் தேவை என்று யோசிக்க நல்ல தொடக்கம். ஆனால் அந்த எண்கள் ஒரே ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடமிருந்து, அரை நூற்றாண்டுக்கு முன்னால் வந்தவை. அதைவிட முக்கியம், அவை ஒரு நாட்டின் சராசரி. சராசரி எந்த மனிதரின் முகத்தையும் காட்டாது. அளவுகோல்களைத் தனிமனிதர்மேல் பொருத்தக் கூடாது என்று ஹாஃப்ஸ்டீடே எச்சரித்திருக்கிறார். உங்கள் எதிரே இருப்பவர் தன் நாட்டுச் சராசரிக்கு நேர் எதிராக இருக்கலாம். அவர் பொறியாளராக இருப்பதோ, இருபத்தைந்து வயதுக்காரராக இருப்பதோ, மூன்று நாடுகளில் படித்தவராக இருப்பதோ அவருடைய பாஸ்போர்ட்டைவிட அதிகம் சொல்லக்கூடும். பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர் மனிதரைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றுமே தெரியாமல் போகிறவரைவிட இவரால்தான் அதிகச் சங்கடம்.

அப்படியானால் எதைப் பழகுவது?

ஒரு சின்னப் பயிற்சி சொல்கிறேன். வேறு நாட்டுச் சக ஊழியரிடமிருந்து இப்படி ஓர் இமெயில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“கோப்பு கிடைத்தது. மூன்றாம் பக்கத்தில் எண்கள் தவறு. மாலைக்குள் திருத்தி அனுப்பவும்.”

வணக்கம் இல்லை, நன்றி இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து செய்த வேலைக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. முகம் சிவக்கிறது. உடனே பதில் எழுதக் கை துடிக்கிறது.

அங்கே நிறுத்துங்கள். ஒரு தாளை எடுத்து மூன்று வரிகள் எழுதுங்கள். முதல் வரியில், கண்ணால் பார்த்தது மட்டும்: மூன்று வாக்கியங்கள், ஒரு பிழை, ஒரு நேரம். இரண்டாவது வரியில், நீங்கள் அதற்குக் கொடுத்த பொருள்: என் வேலையை இவர் மதிக்கவில்லை. மூன்றாவது வரியில், உங்கள் தீர்ப்பு: இவர் திமிர் பிடித்தவர். எழுதிப் பார்த்தால்தான் தெரியும், முதல் வரியிலிருந்து மூன்றாவது வரிக்கு மனம் ஒரே நொடியில் தாவியிருக்கிறது. இப்போது இரண்டாவது வரிக்குத் திரும்பி வந்து, வேறு என்ன பொருள் இருக்கலாம் என்று இன்னும் இரண்டு மூன்று எழுதுங்கள். சுருக்கமாக எழுதுவதுதான் உங்கள் நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதை என்று அவர் வளர்ந்திருக்கலாம். பிழை ஒரே பக்கத்தில்தான் என்றால், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்பதே அவர் சொல்லாமல் சொன்ன பாராட்டாக இருக்கலாம். ஐந்தாவது மொழியில் தட்டுத் தடுமாறி எழுதியிருக்கலாம். எது உண்மை என்று இந்த நிமிடம் தெரியாது. அதுதான் விஷயம். தெரியாத ஒன்றின்மேல் தீர்ப்பு எழுதாமல் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கப் பழகினால் பாதித் திறமை வந்துவிட்டது.

கிறிஸ்டோபர் எர்லி, சூன் ஆங் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் ‘பண்பாட்டு நுண்ணறிவு’ என்ற பெயரில் இந்தத் திறமையை விளக்கினார்கள். அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் இதை நான்கு பகுதியாகப் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது: தெரிந்துகொள்ளும் ஆர்வம், அந்தச் சமூகத்தைப் பற்றிய அறிவு, நடப்பதைக் கவனித்துத் தன் கணிப்பைத் தானே சரிபார்த்துக்கொள்வது, அதற்கேற்ப நடையையும் பேச்சையும் மாற்றிக்கொள்வது. நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாவதில் மட்டும் பணத்தைக் கொட்டுகின்றன, ஏனென்றால் அதைத்தான் ஒரு நாள் வகுப்பில் நடத்தி முடிக்கலாம். என் பார்வையில் மூன்றாவதுதான் முதுகெலும்பு. இமெயிலை வைத்து நாம் செய்து பார்த்ததும் அதைத்தான்.

சரி, ஊகித்துக்கொண்டே இருக்க முடியுமா? முடியாது, கேட்க வேண்டும். எப்படிக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். “புரிந்ததா?” என்று கேட்டால் உலகில் எந்த மூலையிலும் “புரிந்தது” என்றே பதில் வரும். “அடுத்து நாம் என்ன செய்யப் போகிறோம் என்று ஒருமுறை நீங்கள் சொல்லுங்கள், நான் சரியாகச் சொன்னேனா என்று பார்த்துக்கொள்கிறேன்” என்றால் உண்மை வெளியே வரும். தவறு என் பக்கம் இருக்கலாம் என்று முதலிலேயே ஏற்றுக்கொள்வதால் அவருக்கும் தலைகுனிவு இல்லை. எல்லோர் முன்னாலும் பேசத் தயங்குகிறவரிடம் மீட்டிங் முடிந்த பிறகு தனியாக இரண்டு வரி எழுதிக் கேட்கலாம். கேள்விகளை முதல் நாளே அனுப்பிவைத்தால் வேறு மொழியில் யோசிப்பவருக்கு நேரம் கிடைக்கும்.

மொழி என்று வந்துவிட்டதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஜப்பானிய இணைய வணிக நிறுவனமான ரக்குட்டென் 2010இல் தன் அலுவலக மொழியை ஆங்கிலமாக மாற்றப்போவதாக அறிவித்து, ஊழியர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது. இப்படிப்பட்ட மாற்றங்களில் வெளியே தெரியாத ஒரு வலி உண்டு. தன் மொழியில் வாதத்தில் எவரையும் மடக்கக்கூடிய மூத்த பொறியாளர், புதிய மொழியில் வார்த்தை தேடித் தேடி, கடைசியில் பேசாமலே இருந்துவிடுகிறார். அறிவு அதே அறிவுதான், ஆனால் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் கண்ணில் அவர் சிறுத்துப்போகிறார். சரளமாகப் பேசுகிறவருக்கு விஷயம் அதிகம் தெரியும் என்று நம் மனம் தானாக நம்பிவிடும். இந்த மயக்கத்தை எதிர்த்து நிற்பது ஒவ்வொருவர் கடமை என்று நினைக்கிறேன். அந்த மொழியைப் பிறந்ததிலிருந்து பேசுகிறவர்களுக்குக் கடமை இன்னும் அதிகம். வேகத்தைக் குறைப்பது, மரபுத் தொடர்களைத் தவிர்ப்பது, முடிவுகளை எழுத்தில் அனுப்புவது எல்லாம் அவர்கள் செய்ய வேண்டியவை.

யார் இறங்கி வருகிறார்கள் என்பதை வைத்தே ஒரு கூட்டணி எப்படிப் போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சீன நிறுவனமான லெனோவா 2005இல் ஐபிஎம்மின் தனிநபர் கணினிப் பிரிவை வாங்கியது. வாங்கியவர் சீனர், ஆனாலும் நிறுவனத்தின் பொது மொழியாக ஆங்கிலம் வந்தது. நிறுவனத்தின் தலைவராக இருந்த யாங் யுவான்சிங் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து அந்த மொழியையும் பழக்கவழக்கங்களையும் கற்றார். பணம் கொடுத்து வாங்கியவரே மாணவராக உட்கார்ந்ததை எதிர்ப்பக்கத்து ஊழியர்கள் பார்த்தார்கள்.

வால்மார்ட்டின் ஜெர்மனி அனுபவம் வேறு விதம். 1997இல் அங்கே நுழைந்து 2006இல் கடைகளை விற்றுவிட்டு வெளியேறியது. வாடிக்கையாளர்களைப் பார்த்துப் புன்னகைப்பது போன்ற அமெரிக்க நடைமுறைகள் அங்கே பலருக்கு ஒட்டவில்லை. ஊழியர்களுக்கிடையே காதல் உறவு கூடாது என்பது உள்பட நிறுவனத்தின் நடத்தை விதிகளில் சிலவற்றை ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றம் 2005இல் ஏற்க மறுத்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் புன்னகை விஷயத்தோடு நிறுத்திவிடுவார்கள். நான் அப்படி நிறுத்த விரும்பவில்லை. ஆல்டி, லிடில் போன்ற மலிவு விலைக் கடைகளின் போட்டியும் ஊழியர் மன்றங்களுக்குச் சட்டம் தரும் அதிகாரமும் அந்தத் தோல்வியில் பெரிய பங்கு வகித்தன. எதற்கெடுத்தாலும் பண்பாடுதான் காரணம் என்று சொல்வதும் ஒரு வகைச் சோம்பேறித்தனம்.

எதுவரை வளைந்து கொடுப்பது?

தொடக்கநிலையில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ‘அவர்கள் வழக்கப்படி நடக்க வேண்டும் என்கிறீர்களே, அங்கே லஞ்சம் வழக்கம் என்றால்?’

என் பதில்: வணங்கும் முறை, பேசும் முறை, நேரக் கணக்கு, முடிவெடுக்கும் வேகம் இவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் வளையலாம். ஒருவருக்குத் தீங்கு வரும் இடத்தில் வளையக் கூடாது. ‘அங்கே வழக்கம்’ என்று சொல்கிறவர் யார் என்று முதலில் பாருங்கள். பணம் வாங்குகிறவரும் கொடுக்கிறவரும்தான் அப்படிச் சொல்வார்கள். அந்தப் பணத்துக்காக மோசமான சாலையில் போகவும் விலை ஏறிய மருந்தை வாங்கவும் வேண்டியிருக்கும் மக்களிடம் யாரும் கேட்பதில்லை. லஞ்சத்தைப் பண்பாடு என்று அழைப்பது அந்த மக்களையே அவமதிப்பது.

சட்டமும் இந்தத் திசையில்தான் வந்திருக்கிறது, மெதுவாக. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் தருவதை அமெரிக்கா 1977இல் குற்றமாக்கியது. ஜெர்மனியிலோ வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைச் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெறுவது 1999 வரை சாத்தியமாக இருந்தது. அதே நாட்டின் சீமென்ஸ் நிறுவனம் 2008இல் பல நாடுகளில் கொடுத்த லஞ்சத்துக்காக அமெரிக்க, ஜெர்மன் அதிகாரிகளிடம் மொத்தம் ஏறத்தாழ 160 கோடி டாலர் அபராதம் கட்டியது.

இங்கேதான் உலகக் குடிமை வந்து சேருகிறது. ஒரு சமூகத்தை நன்றாகப் புரிந்துகொள்ளும் திறமை கத்தி மாதிரி. அதை வைத்து அவர்களுக்கு உதவலாம், அவர்களிடம் விற்கக் கூடாததையும் விற்கலாம். 1970களில் ஏழை நாடுகளில் குழந்தைகளுக்கான பால்பவுடர் விற்கப்பட்ட விதம் இதற்குச் சான்று. செவிலியர் உடையில் விற்பனைப் பெண்கள் தாய்மார்களிடம் போனார்கள். வெள்ளை உடைக்கு அந்த மக்கள் எவ்வளவு மதிப்புத் தருவார்கள் என்று நிறுவனங்கள் சரியாகவே புரிந்துவைத்திருந்தன. சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டில் அந்தப் பவுடரைக் கரைத்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதற்குப் பொறுப்பேற்கவில்லை. 1977இல் நெஸ்லே நிறுவனத்துக்கு எதிராகப் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது. 1981இல் உலகச் சுகாதார மாநாடு இத்தகைய விளம்பரங்களுக்கு விதிமுறை வகுத்தது. அதற்கு ஆதரவாக 118 நாடுகள் வாக்களித்தன, எதிர்த்தது அமெரிக்கா ஒன்று மட்டும்.

குடிமை என்ற சொல் நிறுவனத்துக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உலகம் ஒரு நாடு இல்லை, அதற்குப் பாஸ்போர்ட்டும் இல்லை. ஆனாலும் நம் முடிவு தொடும் மனிதர்கள் நம் எல்லைக்குள் மட்டும் இல்லை என்பதால் இந்தச் சொல் நிலைத்துவிட்டது. 1999இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் கூடியிருந்த தொழிலதிபர்களிடம் அன்றைய ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் ஓர் உடன்பாட்டை முன்வைத்தார். அது 2000 ஜூலையில் ‘ஐ.நா. உலக ஒப்பந்தம்’ என்ற பெயரில் தொடங்கியது. மனித உரிமை, தொழிலாளர், சுற்றுச்சூழல், ஊழல் எதிர்ப்பு என்று அதில் இன்று 10 கொள்கைகள் இருக்கின்றன. சேர்வது விருப்பத்தைப் பொறுத்தது, மீறினால் தண்டனை இல்லை. பெயருக்குச் சேர்ந்துகொள்ளும் நிறுவனங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2011இல் ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் ஏற்ற வழிகாட்டிக் கொள்கைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. மக்களைக் காப்பது அரசின் கடமை, உரிமைகளை மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு, பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் கிடைக்க வழி வேண்டும் என்று அவை பிரித்துச் சொல்கின்றன. தன் சப்ளையர்களிடம் என்ன நடக்கிறது என்று நிறுவனமே தேடிப் பார்க்க வேண்டும் என்பது இதன் மையம். 2017இல் பிரான்ஸ் இதைப் பெரிய நிறுவனங்களுக்குச் சட்டமாக்கியது. ஜெர்மனியின் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவு கொள்கைகள் எதற்கு என்று தோன்றினால், 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்கா அருகே இடிந்து விழுந்த ரானா பிளாசா கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. மேல் தளங்களில் ஆயத்த ஆடை தைத்த தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொல்லி வற்புறுத்தப்பட்டார்கள். 1,130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாடுகளில் வெளிநாட்டு பிராண்டுகளின் லேபிள்கள் கிடந்தன. அங்கே தங்கள் துணி தைக்கப்படவில்லை என்று முதலில் மறுத்த நிறுவனமும் உண்டு. அதற்குப் பிறகு அந்த மே மாதம் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டன. சுதந்திரமான ஆய்வாளர்கள் ஆலை ஆலையாகப் போய்க் கட்டடங்களைச் சோதித்தார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு வந்த ஒவ்வோர் ஆர்டரிலும் ஒரு தேதி இருந்திருக்கும். அதை அனுப்பிய அலுவலகத்தில் யாரும் கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்திருக்கவில்லை. நம்மைப் போன்ற ஊழியர்கள், நாள்காட்டியைப் பார்த்து ஒரு தேதியைக் குறித்தார்கள். எதிர்முனையில் ‘கொஞ்சம் சிரமம்தான்’ என்று ஒரு குரல் சொல்லியிருந்தால்கூட அதைக் கேட்கத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே பாடம் என்று முன்னால் சொன்னேனே, இதனால்தான்.

முதல் காட்சிக்குத் திரும்பிப் போவோம். அதே வீடியோ கால், அதே இருவர்.

“வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட முடியுமா?”

ஒரு கணம் அமைதி. “வெள்ளிக்கிழமையா... கொஞ்சம் சிரமம்தான். முயற்சி செய்கிறோம்.”

இந்த முறை வாடிக்கையாளர் தேதியைக் குறிக்கவில்லை. “சிரமம் என்றால் எதில் என்று சொல்லுங்கள், நான் என் பக்கம் ஏதாவது மாற்ற முடியுமா பார்க்கிறேன். வெள்ளிக்கிழமையே வேண்டுமென்றால் அங்கே என்ன செய்ய வேண்டியிருக்கும்?”

“இரண்டு இயந்திரம் பழுது. வெள்ளிக்கிழமை என்றால் ஆட்களை மூன்று இரவு வீட்டுக்கு அனுப்ப முடியாது.”

“எந்த நாள் என்றால் அது தேவைப்படாது?”

“செவ்வாய்.”

“செவ்வாய்க்கிழமை என்றே எங்கள் ஆட்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.”

“சரி” என்கிறார் சப்ளையர். இந்த முறை அதற்குச் ‘செய்து தருகிறேன்’ என்றே பொருள்.